நிறுத்தி வைத்த தண்ணீர்

"சத்தமே வரலையே, இந்த வண்டி ஓடுதா நின்னுபோச்சான்னு எப்பிடிம்மா தெரியும்?"

ரஞ்சிதா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. பேட்டரி கார் ராயக்கோட்டைக்கு வந்த முதல் நாள் அது. பின்சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். பெரியவர்கள் உட்கார முடியாத சீட்டு. ஓட்டிக்கொண்டிருந்த வெள்ளைச்சாமி பதில் யோசிப்பதற்குள், பக்கத்தில் இருந்த பொற்கொடி சொன்னாள்.

"வெளிய பாரு கண்ணு. மரம் பின்னால போச்சுன்னா நாம போறோம். மரம் நின்னுச்சுன்னா நாமளும் நின்னுட்டோம். அவ்ளோதான்."

வெள்ளைச்சாமி சிரித்தான். ஓசூர் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாக எலெக்ட்ரீசியன். சாத்தூர்ப் பக்கத்துக்காரன். பொற்கொடி ராயக்கோட்டையிலேயே பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவள். கல்யாணமான புதிதில் அவன் "அங்கன, இங்கன" என்று பேசுவதைக் கேட்டு அடுப்பங்கரையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இரண்டாயிரத்து ஏழாம் வருடம் அவளுக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது, இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். திங்களும் வியாழனும் ஓசூர் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டும்.

மெஷின்கூடப் பழகிவிட்டது. பஸ்தான் பழகவில்லை. டீசல் வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டும். ஒருமுறை உத்தனப்பள்ளி வருவதற்குள் நாலுதரம் வாந்தி எடுத்து, நின்ற பஸ்ஸின் படியிலிருந்து தலைகுப்புற விழுந்தாள்.

கம்பெனியில் எஞ்சினியர் ஸ்ரீராமுக்கு இது தெரிந்தது. பெங்களூரில் இருந்தபோது வாங்கிய சின்ன பேட்டரி கார் ஒன்று அவரிடம் தூசி படிந்து கிடந்தது. புனேவுக்கு மாற்றலாகிப் போகும்போது சாவியை வெள்ளைச்சாமியின் கையில் வைத்தார்.

"பேட்டரி பழசு. புதுசுல எண்பது கிலோமீட்டர் போச்சு. இப்ப நாப்பது போனா உன் அதிர்ஷ்டம். ஆனா வாடை கிடையாது, உதறல் கிடையாது. உன் வீட்டம்மாவுக்கு ஆகும்."

சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். இந்த உலகத்தில் நல்லது செய்கிறவர்கள் பெரும்பாலும் அவசரமாகக் கிளம்பிப் போய்விடுகிறார்கள், நன்றி சொல்வதற்குக்கூட நேரம் தராமல்.

போக முப்பத்திரண்டு, வர முப்பத்திரண்டு. பொற்கொடி மெஷினில் கிடக்கும் நாலு மணி நேரமும் கார் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் பிளக்கில் கிடக்கும். வாட்ச்மேன் முனிவேல்தான் அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தவர். "உள்ள பொண்டாட்டி, வெளிய வண்டி. ரெண்டுக்கும் ஒயர மாட்டிட்டு நடுவுல ஒக்காந்துகினு இருக்கிறியேப்பா" என்பார்.

காரைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். கேள்விகள் மாறுவதே இல்லை.

"எத்தினி கிலோமீட்டருண்ணா குடுக்குது?"

"இப்ப நாப்பது."

"லிட்டருக்கா?"

"லிட்டர் ஏதுய்யா இதுல? ஒருதடவ முழுசா ஏத்துனா நாப்பது."

"மழையில ஷாக்கு அடிக்குமா?"

"அடிக்காது. நனைஞ்சுட்டேதான் வந்தோம் போன வாரம்."

"மேடு ஏறுமா?"

"ஏறும். நம்ம கொஞ்சம் பொறுமையா இருக்கணும்."

"நடுவழியில தீந்துட்டா?"

இந்தக் கேள்வி வந்தால் மட்டும் வெள்ளைச்சாமி குனிந்து பிளக்கைச் சரிபார்ப்பான். முனிவேல் குறுக்கே புகுந்து, "அதுக்குத்தான்யா ஜப்பான்ல பெட்ரோலும் கரண்டும் ரெண்டுமே போட்டு வண்டி உட்டுட்டான். ஒண்ணு தீந்தா இன்னொண்ணு. நம்ம ஊருக்கும் வரப்போவுது" என்பார், தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் போல.

அந்தக் காரில் வெள்ளைச்சாமிக்குப் பிடித்தது அதன் மௌனம்தான். எஞ்சின் சத்தம் இல்லாததால் பக்கத்தில் பொற்கொடி மூச்சு விடுவது கேட்கும். மெஷினுக்குப் போகும்போது மூச்சு குட்டை குட்டையாக இழுக்கும். திரும்பி வரும்போது நீளமாக, சீராக வரும். அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவான். முருகன் படத்துக்குக் கீழே, அவளுடைய தண்ணீர் பாட்டில் இருக்கும். ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் அவள் குடிக்கலாம். ரஞ்சிதா ஸ்கெட்ச் பேனாவால் பாட்டிலில் ஆறு கோடு போட்டிருந்தாள். ஒரு வேளைக்கு ஒரு கோடு.

மறு வருடம் புரட்டாசியில் மழை ஏமாற்றிவிட்டது. கரண்டும் ஏமாற்றியது. எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. செவ்வாய் முழுக்கப் பிளக்கில் கிடந்தும் காரில் சார்ஜ் காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை.

புதன்கிழமை ஆயுத பூஜை. வெள்ளைச்சாமி டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஸ்பேனர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தான். பொற்கொடி தன் சத்துணவுக் கரண்டியை வைத்தாள். ரஞ்சிதா ஜாமெட்ரி பாக்ஸை வைத்தாள். காருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை போட்டார்கள். பொரி, கடலை, அவல் எல்லாம் படைத்தாயிற்று. கற்பூரம் காட்டிய பிறகுதான் பொற்கொடி சுவரில் செருகியிருந்த பிளக்கைப் பார்த்தாள்.

"பூஜ போட்ட ஆயுதத்த யாருனா வேல வாங்குவாங்களா? அதப் புடுங்குங்க."

"நாளைக்குப் போகணுமே புள்ள. முள்ளு பாதியிலல்ல நிக்கிது."

"காத்தால மறுபூஜ போட்டுட்டு அஞ்சு மணிக்கு சொருகிக்கலாம். எட்டு மணிக்குதான கெளம்பறோம்? ஒரு வருசமா என்னத் தூக்கினு அலையுது. அதுக்கும் ஒருநாளு லீவு குடுங்க."

எலெக்ட்ரீசியன் என்கிற மனசு வேண்டாம் என்றது. ஆனால் அவன் அப்பா அந்த ஒரு நாள் அரிவாளைத் தொட்டதே இல்லை, ஆட்டுக்குத் தழை ஒடிப்பதாக இருந்தாலும் கையால்தான் ஒடிப்பார். வெள்ளைச்சாமி பிளக்கைப் பிடுங்கி, அதன் மூன்று பித்தளைக் கால்களுக்கு நடுவில் ஒரு சாமந்திப் பூவைச் செருகி, காரின் மேல் வைத்தான்.

அன்றைக்கு முழுக்கக் கரண்டு போகவே இல்லை. சுற்றுவட்டாரத்துக் கம்பெனிகள் எல்லாம் பூஜைக்காக மூடியிருந்த நாள். காலையிலிருந்து இரவுவரை மின்விசிறி நிற்காமல் சுற்றியது. பொற்கொடி அதை அண்ணாந்து பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள். சாமிக்கு விட்ட நாளைத் திருப்பிக் கேட்க இருவருக்குமே மனம் வரவில்லை.

வியாழன் விடிகாலையில் மறுபூஜை போட்டு, பூவை எடுத்துவிட்டு, பிளக்கைச் செருகினான். கால் மணி நேரத்தில் கரண்டு போனது. எட்டு மணிவரை வரவில்லை.

"முப்பத்திரண்டுதான. போயிரும்" என்றான்.

விஜயதசமி என்பதால் ரஞ்சிதாவுக்கும் பள்ளிக்கூடம் இல்லை. அவளும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். உத்தனப்பள்ளி தாண்டி ஒரு மேட்டில் கார் இளைத்தது. மனிதர் நடக்கிற வேகத்துக்கு வந்தது. பிறகு அதுவும் இல்லை.

"அம்மா, மரம் நின்னுச்சு" என்றாள் ரஞ்சிதா.

பதினைந்து கிலோமீட்டர் பாக்கி. வந்த பஸ்ஸின் படியில் ஆட்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். அது விட்டுப்போன புகையிலேயே பொற்கொடி குனிந்து ஓங்கரித்தாள். தக்காளி டெம்போக்கள் ஒன்றையும் காணோம். எல்லாம் மாலையோடு வீட்டு வாசலில் நிற்கின்றன. வெள்ளைச்சாமி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். நர்ஸ் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு மணிக்குள்ள வந்துருங்க. அதுக்கப்பறம் மெஷின் வேற ஆளுக்கு. விட்டா சனிக்கிழமைதான்."

பொற்கொடியின் கால்கள் செருப்புக்குள் அடங்காமல் பிதுங்கியிருந்தன. சனிக்கிழமைவரை அந்த மூச்சு தாங்காது என்பது கேட்ட காதுக்குத் தெரியும்.

ரோட்டோரத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மாள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். குரைத்த நாயைத் தெலுங்கில் ஒரு அதட்டு அதட்டிவிட்டுத் தமிழுக்கு வந்தாள்.

"இன்னாப்பா, பொம்ம காரு நின்னுபோச்சா?"

"கரண்டு தீந்துருச்சும்மா."

"டீசலுதான தீரும், கரண்டு கூடவா தீரும்?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து உள்ளே பார்த்தவள், பொற்கொடியின் முகத்தைக் கண்டு பேச்சை நிறுத்தினாள். "இன்னா கண்ணு ஒடம்புக்கு?"

பொற்கொடி சொன்னாள். அந்த அம்மாள் கேட்டு முடித்ததும் புடவையை இடுப்பில் செருகினாள். "எங்க மோட்டாரு கொட்டாயில கரண்டு இருக்குது. பன்னண்டு மணி வரிக்கும் த்ரீபேஸு. தள்ளுப்பா வண்டிய."

அவள் பெயர் மங்கம்மா. புருஷன் இல்லை, ஒரே மகளைக் கெலமங்கலத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். முக்கால் ஏக்கரில் தக்காளி நாற்று நட்டு நாலு நாள் ஆகியிருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் மேல் பாத்தியிலிருந்து ஒவ்வொரு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தது.

கொட்டாய்க்குள் போன வெள்ளைச்சாமி ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான்.

"இது வெவசாயக் கரண்டும்மா. மோட்டாரத் தவிர வேற எதுக்கும் போடக் கூடாது. லைன்மேன் பாத்தாருன்னா ஒங்க கனெக்‌ஷனப் புடுங்கிருவாக."

"லைன்மேன் இன்னிக்கி வூட்ல பொரி துன்னுகினு இருப்பான். நீ போடுப்பா."

போட்டான். சார்ஜரில் பச்சை எரிந்து, உடனே சிவப்பாகி அணைந்தது. மறுபடி போட்டான். மறுபடி சிவப்பு.

"ஏன், புடிக்கலயா?"

"வோல்டேஜ் பத்தலம்மா. மோட்டார் இழுத்துக்கிருது. பரவால்ல, நீங்க தண்ணி கட்டி முடிங்க, பொறவு பாப்போம்."

"நான் முடிக்கறப்ப கரண்டும் முடிஞ்சுபூடும்."

மங்கம்மா தோட்டத்தைப் பார்த்தாள். பாதிகூட நனையவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்த பொற்கொடியின் கால்களைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் முனகி நின்றது. வாய்க்காலில் வந்துகொண்டிருந்த தண்ணீர் ஒரு வரிசையின் நடுவிலேயே நுரையோடு தயங்கி, மண்ணுக்குள் போய்விட்டது.

சார்ஜரில் பச்சை எரிந்தது. அணையவில்லை.

அப்போது மணி ஒன்பதரை.

மங்கம்மா ஓர் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தாள். பொற்கொடி கையெடுத்துக் கும்பிட்டாள். "எனக்கு எளநி ஆவாதும்மா. பாப்பாவுக்குக் குடுங்க."

"மோராவது?"

"அதுவும் இல்ல. தோ, இந்த பாட்டில்தான். ஒரு நாளைக்கி ஆறு கோடு."

"ஆறு கோடா? எங்க நாயே இத்தவிட அதிகமா குடிக்குமேம்மா!"

பொற்கொடி சிரித்தாள். சிரிப்பதற்கே அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

"இந்த வண்டிக்கு ஒருவாட்டி ஏத்தினா எத்தன நாளு தாங்கும்?"

"ஒரு நாளு. எனக்கும் அதுக்கும் ஒரே சீக்குதாம்மா. எனக்கு ஏத்தினா மூணு நாளு ஓடும். அதுக்கப்பறம் தள்ளணும்."

"உன்னத் தள்ள ஆளு இருக்குது போ. எம்புருசன் இருந்தப்ப வண்டியும் இல்ல, தள்ளறதுக்கும் ஆள் இல்ல. சாராயம்தான் இருந்துது." சொல்லிவிட்டு மங்கம்மா வெள்ளைச்சாமியை ஒரு பார்வை பார்த்தாள். "இவுரு குடிக்க மாட்டாரா?"

"டீ குடிப்பாரு. அதுலயே பாதி ஆறிப்போயிடும், அவ்ளோ மெதுவு."

"அப்ப வண்டிக்கேத்த ஆளுதான்."

களியும் அவரைக்காய்க் குழம்பும் கொண்டுவந்து ரஞ்சிதாவுக்கும் வெள்ளைச்சாமிக்கும் போட்டாள். அவன் கண் தோட்டத்திலேயே இருந்தது. பதினோரு மணிக்குக் கீழ் வரிசை நாற்றுகள் தலை சாய்த்தன. பதினொன்றரைக்கு மண்ணோடு படுத்தன. பொற்கொடியும் பார்த்தாள். அவள் தன் பாட்டிலை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மூன்றாவது கோட்டை அவள் குடிக்கவில்லை.

"அம்மா, போதும். மோட்டாரப் போடுங்க. நாத்து செத்துரும்" என்று எழுந்தான் வெள்ளைச்சாமி.

"ஒக்காருப்பா. நாத்து நர்சரில கெடைக்கும்."

ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டுவரை இரண்டரை மணி நேரம். பன்னிரண்டுக்குப் பச்சை விளக்கு தானாக அணைந்தது. வெள்ளைச்சாமி சட்டைப்பையில் கைவிட்டபோது மங்கம்மா மண்வெட்டியை ஓங்கிக் காட்டினாள். "பையில இருந்து கைய வெறுமனே எடு."

ஏறிய சார்ஜ் வழியில் தீர்ந்துவிடாமல் மெல்ல மெல்ல ஓட்டி, ஒன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் முனிவேல் கேட்டைத் திறந்துகொண்டு நின்றிருந்தார். மெஷின் கிடைத்தது.

அதற்கப்புறம் வாரம் இரண்டு நாள் அந்தத் தோட்டத்தைத் தாண்டித்தான் போனார்கள். ஒருநாள் நிறுத்தினார்கள். மேல் பாதி பச்சென்று குச்சி கட்டி நின்றது. கீழ்ப் பாதி வெறும் மண்.

"நாத்தே சரியில்லப்பா. நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்" என்றாள் மங்கம்மா, அவர்கள் கேட்பதற்கு முன்பே.

தண்ணீர் எந்த வரிசையில், எந்த இடத்தில் நின்றது என்பது வெள்ளைச்சாமிக்குத் தெரியும். அந்த வரிசையின் பாதிவரை செடி இருந்தது. மீதிப் பாதி இல்லை. ஆளைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லும் பொய்யைக் கடவுள் எந்தக் கணக்கில் வைப்பாரோ, மங்கம்மாவின் பொய் அந்தக் கணக்கில் இருக்கும்.

திரும்பும் வழியில் பொற்கொடி சொன்னாள்: "நான்தாங்க பிளக்கப் புடுங்கச் சொன்னன்."

"நாந்தான் புடுங்குனேன். கரண்டு வேல படிச்சது நீயா, நானா?"

"அந்தம்மாவுக்குத் தண்ணியாத்தான் திருப்பிக் குடுக்கணும். வேற எத குடுத்தாலும் வாங்காது. எப்பனா ஒருநாளு, நான் எறங்கி நடக்கற மாதிரி ஆனதும், ரெண்டு பேரும் வந்து ஒரு முறை தண்ணி கட்டிட்டுப் போலாம்."

"கட்டுவோம் புள்ள."

தை போயிற்று. ஓசூரில் கம்பெனிகள் வேலையைக் குறைத்தன. வாரத்தில் மூன்று நாள்தான் வெள்ளைச்சாமிக்கு வேலை. பொற்கொடிக்கு மெஷினில் படுத்தாலும் முன்போல் மூச்சு நீளவில்லை.

மாசியில் ஒரு திங்கட்கிழமை பிற்பகல் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரஞ்சிதா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பொற்கொடி கண்ணை மூடிக் கதவில் சாய்ந்திருந்தாள். அன்று இரண்டு கோடுதான் குடித்திருந்தாள். மங்கம்மாவின் தோட்டம் வந்தது. கீழ்ப் பாதியை மறுபடி உழுது, பாத்தி பிடித்திருந்தார்கள்.

"மறுபடி நாத்து நடப் போறாக போல புள்ள" என்றான் வெள்ளைச்சாமி.

பதில் வரவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்தான். மூச்சுச் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்தான். சக்கரம் தார்ரோட்டில் உராயும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு காகம் கரைந்தது. காரின் மௌனம் அன்றைக்கு முழுமையாக இருந்தது.

அவன் பிரேக்கை மிதிக்கவில்லை. மிதித்தால் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் புளிய மரங்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. ராயக்கோட்டை வரும்வரை அவை நிற்கவில்லை.

கருமாதி முடிந்து பத்து நாள் கழித்து, வேலை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. ரஞ்சிதாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, வெள்ளைச்சாமி பேட்டரிக்கெல்லாம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினான். முதல் நாள் இரவு முழுக்கச் சார்ஜ் ஏறியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் கிளம்பினான்.

மங்கம்மாவிடம் கேட்டுவிட்டு ஒரு முறை தண்ணீர் கட்டலாம் என்றுதான் வந்தான். தோட்டத்தில் அவள் இல்லை. குடிசைக் கதவு பூட்டியிருந்தது. கெலமங்கலத்துக்கு மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம். நாயையும் காணோம். கொட்டாய்க்குள் போய்ச் சுவிட்சைப் பார்த்தான். கரண்டு இல்லை. கீழ்ப் பாதியில் இப்போதைக்கு ஏழெட்டு வரிசை மட்டும் புது நாற்று நட்டிருந்தார்கள். மாசி வெயிலில் இலை சுருண்டிருந்தது.

கொட்டாய் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம் கவிழ்த்து வைத்திருந்தது. செருப்பைக் கழற்றினான். கிணற்றுக்குக் கல்படிகள். முப்பத்தாறு படி. இறங்கி மொண்டு, தோளில் வைத்து ஏறி, நாற்று நாற்றாக வேரடியில் விட்டான். ஒரு குடம் இருபது நாற்றுக்கு வந்தது. தண்ணீர் நின்ற அதே வரிசையின் அதே இடத்திலிருந்து ஆரம்பித்தான். மூன்றாவது குடத்தில் சட்டையைக் கழற்றினான். பத்தாவது குடத்துக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான். ரோட்டில் பஸ்கள் போயின. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தோட்டக்காரன் தண்ணீர் ஊற்றுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

கடைசி வரிசையின் கடைசியில் ஒரு நாற்று மட்டும் மிஞ்சியது. குடம் காலி. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டரை மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் அதிகமாகியிருந்தது.

குடத்தைக் கழுவி, இருந்த இடத்திலேயே கவிழ்த்தான். காருக்குப் போனான். முருகன் படத்துக்குக் கீழே அவளுடைய பாட்டில் அப்படியே இருந்தது. அந்தத் திங்கட்கிழமைத் தண்ணீர். நாலு கோடு மிச்சம். அன்றிலிருந்து அவன் அதை எடுக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை.

அதை எடுத்துக்கொண்டு வந்து அந்தக் கடைசி நாற்றின் பக்கத்தில் குந்தினான். மூடியைத் திறந்து, ஒவ்வொரு கோடாக, மண் குடிக்கிற வேகத்துக்கு ஊற்றினான்.